யாரிடம் பாடுகிறாள்? இசை நாடகப் பாட்டுகளோடு பத்து வாரம்

எல்லாவற்றுக்கும் காரணம் 'மேக் த நைஃப்'. நடக்கப் போகும்போது கேட்பதற்கென்று நான் வைத்திருந்த பட்டியலில் அதுதான் முதல் பாட்டு. 1959இல் பாபி டேரின் பாடியது. துள்ளலான மெட்டு, கால் தானாக வேகமெடுக்கும். ஒருநாள் மழை. நடக்கப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அதன் வரிகளை எடுத்துப் படித்தேன். வரிசையாகக் கொலைகள். 1928இல் பெர்லினில் அரங்கேறிய 'த்ரீபென்னி ஓபரா'வின் தொடக்கப் பாட்டாம் அது. சந்தையில் ஒரு தெருப்பாடகன் வந்து நின்று, மெக்ஹீத் என்ற ரவுடி செய்த பாதகங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். ஜெர்மன் மூலத்தில் தீயில் மாண்ட ஏழு குழந்தைகள்கூட வருகிறார்கள். இதற்கா இத்தனை நாள் விரலைச் சொடுக்கிக்கொண்டு நடந்தேன் என்றிருந்தது.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். முறை எளிது. வாரம் ஒரு மேற்கத்திய இசை நாடகம். அதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பாட்டை மட்டும் முதலில் கேட்பது. பாடுவது யார், யாரிடம், பாட்டு முடியும்போது என்ன மாறியிருக்கும் என்று மூன்று கட்டத்தில் ஊகத்தை எழுதுவது. பிறகு நாடகப் பிரதி கிடைத்தால் பிரதி, இல்லையென்றால் கதைச்சுருக்கம் படித்துவிட்டு, முழு ஒலிப்பதிவையும் வரிசை மாற்றாமல் கேட்பது. ஊகத்தை அழிக்கக் கூடாது என்பது நானே வைத்த விதி. பல பக்கங்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழிக்கவில்லை.

முதல் வாரம் 'கேரொசல்'. அதிலிருந்து 'யூ வில் நெவர் வாக் அலோன்'. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானமே அதிரப் பாடுவதைக் கேட்டுத்தான் எனக்கு அந்தப் பாட்டு பழக்கம். அதனால் 'பெருங்கூட்டம், போருக்கோ போட்டிக்கோ கிளம்பும்போது பாடுகிறது' என்று எழுதினேன். நாடகத்தில் கூட்டமும் இல்லை, கிளம்புவதும் இல்லை. திருடப் போய்ச் சிக்கிக்கொண்ட பில்லி பிகலோ தன் கத்தியிலேயே விழுந்து சாகிறான். கர்ப்பிணியான அவன் மனைவி ஜூலி அந்த வரிகளைச் சொல்லிப் பார்க்கிறாள், தொண்டை அடைத்துவிடுகிறது. உறவுக்காரியான நெட்டி அதை வாங்கிப் பாடி முடிக்கிறாள். முதல் கட்டத்தில் சுழி. ஆனால் நாடகம் முடிகிற இடத்தில், ஜூலியின் மகள் லூயிஸ் பள்ளிப் படிப்பை முடிக்கும் விழாவில், எல்லோருமாகச் சேர்ந்து அதே பாட்டைப் பாடுகிறார்கள். இறந்துபோன பில்லி ஒரே ஒரு நாள் பூமிக்கு வந்து, யார் கண்ணிலும் படாமல் பக்கத்தில் நிற்கிறான். கூட்டம் என்று எழுதியதற்காக எனக்கு நானே அரை மதிப்பெண் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கள்ளக்கணக்குதான்.

இரண்டும் மூன்றும் 'லே மிஸெராப்ள்'. இது பெரிய நாடகம், ஒரு வாரத்தில் அடங்கவில்லை. 'டூ யூ ஹியர் த பீப்பிள் சிங்' பாட்டுக்கு 'பிரெஞ்சுப் புரட்சி' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். மூக்கறுபட்டது. பிரெஞ்சுப் புரட்சி 1789. நாடகத்தில் வரும் மாணவர்கள் தடுப்பரண் கட்டுவது 43 ஆண்டு கழித்து, 1832 ஜூன் மாதத்தில். மக்களுக்குப் பிடித்த தளபதி லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் கிளம்பி, இரண்டே நாளில் நசுக்கப்பட்ட கிளர்ச்சி அது. ஜெயித்தவர்களின் பாட்டாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடுகிற மாணவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே சாகப்போகிறவர்கள்.

'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' பாட்டை 2012 திரைப்படத்தில் பார்த்திருந்ததால் அதில் தவறு வராது என்று நினைத்தேன். வந்தது. படத்தில் ஃபான்டீன் கூந்தலை விற்று, பல்லை விற்று, கடைசியில் உடலையும் விற்றபின் அதைப் பாடுகிறாள். மேடையில் அவள் தொழிற்சாலையிலிருந்து விரட்டப்பட்டதுமே பாட்டு வந்துவிடுகிறது. கூந்தல் இன்னும் தலையில்தான் இருக்கிறது. படத்தில் கேட்பது எல்லாம் முடிந்தபின் வரும் அழுகை. மேடையில் கேட்பது, இதற்குமேல் என்ன கெட்டுவிடப்போகிறது என்று எண்ணுகிற ஒருத்தியின் குரல். கெடுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு மேடை வரிசைதான் பிடித்தது. இதில் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஒரு கொசுறு: எபோனின் என்ற இன்னொரு பெண் பாடும் 'ஆன் மை ஓன்' மெட்டு, 1980இல் பாரிஸில் நாடகம் முதலில் வந்தபோது ஃபான்டீனுடையதாக இருந்தது. மெட்டைக் கேட்டே பாத்திரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற என் கர்வம் அந்த வாரத்தோடு போயிற்று.

நான்காவது வாரம் 'கேட்ஸ்'. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எனக்கு ஒட்டவில்லை. 'மெமரி' பாடும் கிரிஸபெல்லா என்ற பூனை கவிஞர் டி. எஸ். எலியட்டின் 1939 குழந்தைப் பாடல் நூலில் கிடையாது. குழந்தைகளுக்கு இவ்வளவு சோகம் ஆகாது என்று அவர் ஒதுக்கிவைத்த பூனை என்பது மட்டும் மனதில் நின்றது.

ஐந்தாவது வாரம்தான் நோட்டு திசை மாறியது. 'ஜிப்ஸி', 1959. 'எவ்ரிதிங்ஸ் கமிங் அப் ரோஸஸ்' பாட்டுக்கு 'கல்யாணம் அல்லது வெற்றி, எல்லோரும் ஆடுகிறார்கள்' என்று ஊகம். நடப்பது ஒரு ரயில் நிலையத்தில். ரோஸ் என்ற தாய் தன் சின்ன மகள் ஜூனை நட்சத்திரமாக்கவே உயிர் வாழ்கிறவள். அந்த ஜூன் குழுவில் ஆடிய பையனோடு ஓடிப்போய்விட்டாள் என்று கடிதம் வருகிறது. இனி இந்தத் தொழில் வேண்டாம், கல்யாணம் செய்துகொண்டு எங்காவது நிம்மதியாக இருப்போம் என்கிறார் ரோஸை விரும்பும் ஹெர்பி. மூத்த மகள் லூயிஸுக்கும் அதே ஆசைதான். ரோஸ் லூயிஸ் பக்கம் திரும்புகிறாள். இனி உன்னை நட்சத்திரமாக்குகிறேன் என்று இந்தப் பாட்டைப் பாடத் தொடங்குகிறாள். மற்ற இருவரும் வாயடைத்து நிற்கிறார்கள்.

பாடுகிறவளை மட்டும் கேட்டால் அது கொண்டாட்டம். எதிரே நிற்கும் இருவரையும் நினைத்துக்கொண்டு கேட்டால் பயமாக இருக்கிறது. அதுவரை மூன்று கட்டங்களில் முதல் கட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைத்திருந்தேன். இரண்டாவது கட்டம், யாரிடம் என்பது, வெறும் பெயர் எழுதுகிற இடமாக இருந்தது. அதை அகலப்படுத்தினேன்.

ஆறாவது வாரம் 'போர்கி அண்ட் பெஸ்', 1935. இசையமைத்த ஜார்ஜ் கெர்ஷ்வின் இதை ஓபரா என்றுதான் சொன்னார். இசை நாடகக் கணக்கில் சேர்க்கலாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 'சம்மர்டைம்' தாலாட்டு என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. கேட்பது ஒரு கைக்குழந்தை என்று எழுதி, சரி என்று குறியும் போட்டாயிற்று. பிறகுதான் கதையைப் படித்தேன். பாடுகிற கிளாரா, மீனவன் ஜேக்கின் மனைவி. அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே இருப்பதால் உனக்கு ஒரு தீங்கும் வராது என்று குழந்தையிடம் சொல்கிறாள். பிற்பாடு புயலில் ஜேக்கின் படகு கவிழ்கிறது. குழந்தையை பெஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு அவனைத் தேடி ஓடுகிற கிளாராவும் திரும்பவில்லை. கடைசி அங்கத்தில் அதே தாலாட்டை அதே குழந்தைக்கு பெஸ் பாடுகிறாள். ஒரு வரியும் பொய்யாகாமல் இருந்தபோது கேட்ட குழந்தை, எல்லாமே பொய்யான பிறகும் அதைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறது. அந்த வாரம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏழாவது வாரம் 'செண்ட் இன் த க்ளௌன்ஸ்', 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்திலிருந்து, 1973. சர்க்கஸ் என்று எழுதித் தொலைத்தேன். கோமாளிகள் என்றால் இங்கே நாடகக்காரர்களின் பேச்சு: ஆட்டம் சொதப்பினால் கோமாளியை உள்ளே அனுப்பு என்பது. டெஸிரே ஒரு நடிகை, அவள் வாயில் அது இயல்பாக வரும். பழைய காதலர் ஃப்ரெட்ரிக்கிடம், என்னோடு வந்துவிடேன் என்று அவள் கேட்டாயிற்று. 18 வயது மனைவியை விட முடியாமல் அவர் மறுக்கிறார். அதன்பின் தன்னையே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அந்தப் பாட்டு. பாட்டை எழுதிய ஸ்டீபன் சோண்ட்ஹைம் முதலில் இது ஃப்ரெட்ரிக்கின் காட்சி என்றே நினைத்திருந்தார். ஒத்திகையில் காட்சி டெஸிரே பக்கம் சாய்ந்ததும் டெஸிரேயாக நடித்த கிளினிஸ் ஜான்ஸுக்காக எழுதிக் கொடுத்தார். அவரால் நீண்ட சுரங்களை இழுத்துப் பிடிக்க முடியாது; அதனால்தான் வரிகள் சின்னச் சின்னக் கேள்விகளாக நிற்கின்றன. துயரத்தால் மூச்சு முட்டுகிறது என்று நான் ரசித்தது ஒரு நடிகையின் குரல் அளவு. தெரிந்தபின் ரசனை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

எட்டாவது வாரம் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்'. படம் மனப்பாடம் என்பதால் அலட்சியமாக எழுதினேன். இடி மழைக் காட்சியில் குழந்தைகளோடு வரும் 'மை ஃபேவரிட் திங்ஸ்', 1959 மேடையில் மடத்துக்குள், கன்னியாஸ்திரீ ஆக வந்த மரியாவும் மடத்துத் தலைவியும் பாடுவது. 'ஈடல்வைஸ்' பழைய ஆஸ்திரிய நாட்டுப்பாடல் இல்லை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டு. 1960இல் அவர் இறந்துவிட்டார். படத்தில் போல மேடையில் அது வீட்டில் கிதாரோடு வருவதில்லை. நாஜிகள் பார்த்துக்கொண்டிருக்கும் இசை விழாவில் மட்டுமே வருகிறது.

ஒன்பதும் பத்தும் 'ஷோ போட்', 1927. 'ஓல்' மேன் ரிவர்' பாட்டுக்காகப் போனவன் இன்னொரு பாட்டில் மாட்டிக்கொண்டேன்: 'கான்ட் ஹெல்ப் லவிங் தட் மேன்'. மிசிசிப்பி ஆற்றில் போகும் நாடகப் படகு. வெள்ளைக்கார நடிகையாக அறியப்படும் ஜூலி, படகுக்காரர் மகள் மக்னோலியாவுக்கு இதைப் பாடிக் காட்டுகிறாள். பக்கத்தில் இருக்கும் கறுப்பினச் சமையல்காரி குவீனி, இதை எங்கள் ஆட்கள் பாடித்தானே கேட்டிருக்கிறேன், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். ஜூலி மறைத்துவைத்திருக்கும் பூர்வீகம் முதலில் கசிவது அங்கேதான். பல ஆண்டுகள் கழித்து, கணவன் கைவிட்ட மக்னோலியா சிகாகோவில் ஓர் இரவு விடுதியில் வேலை கேட்டு அதே பாட்டைப் பாடுகிறாள். அங்கே பாடகியாக இருக்கும் ஜூலி அதைக் கேட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலேயே வேலையை விட்டுப் போய்விடுகிறாள். இரண்டு முறையும் பாட்டு யாரை நோக்கிப் போனதோ அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வழியில் அதைக் கேட்டவர்களால்தான் கதை நகர்கிறது.

நோட்டில் நான்காவது கட்டம் போட்டிருக்கிறேன்: ஒட்டுக்கேட்பது யார். அடுத்த வாரம் 'ஈவிடா', அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஏவா பெரோனின் கதை. பால்கனிக்குக் கீழே பெருங்கூட்டம், அவள் அவர்களிடம் பாடுகிறாள் என்று ஊகம் எழுதியாயிற்று. அவள் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.