சுரப்பி போனது, ஆன்டிபாடி போகவில்லை

கல்யாணத்துக்கு முன்பே எனக்கு கிரேவ்ஸ் நோய். உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தைராய்டு சுரப்பியைத் தூண்டி அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் நோய் அது. ரேடியோ அயோடின் கொடுத்து தைராய்டை அடக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் குறைந்துபோன சுரப்பை ஈடுகட்ட காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை, அவ்வளவுதான். கர்ப்பமானபோதும் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு சரியாகவே இருந்தது. ஃபைலில் ‘ஹைப்போதைராய்டு’ (தைராய்டு குறைவு) என்று மட்டும் எழுதியிருந்தது.

மகப்பேறு மருத்துவர்தான், “இந்த மாத்திரை எதுக்காகம்மா ஆரம்பிச்சாங்க?” என்று தோண்டிக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் உடனே அந்த கிரேவ்ஸ் ஆன்டிபாடியை அளக்கும் டிராப் (TRAb) டெஸ்ட் எழுதினார். “அவளுக்குத்தான் தைராய்டே வேலை செய்யலையே டாக்டர்?” என்றார் கணவர். சுரப்பியைக் கிளப்பிவிட்ட ஆன்டிபாடி ரத்தத்தில் வருஷக்கணக்கில் தங்குமாம். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். என்னிடம் கிளப்ப ஒன்றுமில்லை. குழந்தையின் தைராய்டு முழுசாக இருக்கிறதே!

ரிசல்ட், இயல்பான உச்ச அளவைப் போல 3 மடங்குக்கு மேல். அதிலிருந்து ஸ்கேன்களில் குழந்தையின் இதயத்துடிப்பு, கழுத்தில் வீக்கம், வளர்ச்சி என்று தனியாகப் பார்த்தார்கள்.

பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரே அழுகை. விடாமல் பால் குடிப்பான், எடை மட்டும் ஏறாது. தூங்கும்போதுகூட தலை வேர்த்து நனைந்திருக்கும். நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடிக்கும். “பசிதான், பால் பத்தலை” என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. 3 முதல் 5 நாளுக்குள் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையை முன்பே எழுதிவைத்திருந்ததால் தப்பித்தோம். தைராய்டு ஹார்மோனான டி4 எகிறியிருந்தது.

தைராய்டு சுரப்பைக் குறைக்க கார்பிமசோலும், துடிப்பை அடக்க கொஞ்ச காலம் புரோப்ரனோலாலும் கொடுத்தார்கள். அந்தச் சின்ன சிரிஞ்சில் மருந்தை அளக்கும்போது என் கைதான் நடுங்கும். அடிக்கடி குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, டோஸைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். என்னிடமிருந்து போன ஆன்டிபாடி சில மாதங்களில் தானே கரைந்துவிடும். கரைந்தது, மருந்தும் நின்றது. தாய்ப்பாலை ஒருநாளும் நிறுத்தச் சொல்லவில்லை.

கிரேவ்ஸுக்கு இன்னும் தைராய்டை அடக்கும் மாத்திரை எடுக்கும் அம்மாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்தும் குழந்தைக்குப் போவதால் முதல் சில நாள் அறிகுறி மறைந்திருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு ஆரம்பிக்கும். ஆகவே 10–14 நாளில் எடுக்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஆன்டிபாடியால் தைராய்டு மெல்லக் குறையும் ஹாஷிமோட்டோ நோய் உள்ள தோழிகளும் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அந்த நோயில் காணப்படும் டி.பி.ஓ. ஆன்டிபாடி மட்டும் இருந்தால் பொதுவாகக் குழந்தைக்கு இந்தப் படபடப்பெல்லாம் வராது. பிறந்த குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யும் தைராய்டு பரிசோதனையே பெரும்பாலும் போதும் என்றுதான் எங்கள் மருத்துவர் சொன்னார்.