பால் பை தொங்கும் தீயணைப்பான்

காலையில் கரண்ட் போனது. லிஃப்ட் நின்றது. நாலாவது மாடியிலிருந்து படியில் இறங்கினேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தீயணைப்பான். அதன் கைப்பிடியில் யாருடைய பால் பையோ தொங்குகிறது. சிலிண்டரில் ஒட்டிய தாளில், கடைசியாக நிரப்பிய வருடம் 2019.

அதே 2019-இல்தான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன.

2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 மீட்டரிலிருந்தே உயர்மாடிக் கட்டடம் என்கிறது. உயர்மாடி என்றால் தீப் பாதுகாப்பு விதிகள் கடுமை. அது வெறும் பரிந்துரை. மாநிலம் தன் விதியில் எழுதினால்தான் சட்டம். நம் விதியில் அந்தக் கோடு 18.30 மீட்டர்.

இடையில் மூன்று மீட்டர் சொச்சம். ஒரு முழு மாடி. அதிலும் யாரோ குடியிருக்கிறார்கள்.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்து நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16. சமையல்கூடத்து நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள். அப்புறம்தான் பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்றச் சொன்னார்கள். அங்கேயும் படிக்கட்டு குறுகல்.

கீழே வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். "மொட்டை மாடிக் கதவு ஏன் எப்பவும் பூட்டியே இருக்கு?"

"சாவி செகரட்டரி சார்கிட்ட இருக்கு சார். அவர் அமெரிக்காவுல, பொண்ணு வீட்டுல."

சரி, செகரட்டரியைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று மூச்சு வாங்க மறுபடி ஏறினேன். நாலாவது மாடியில் பாதிப் படியை அடைத்துக்கொண்டு ஒரு ஷூ ரேக்.

எங்கள் வீட்டுடையது.