எஸ்ஸவீராவுக்கு ஒரு பகல் போதாது

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கமிருந்து மொராக்கோ கிளம்புகிறவர்கள், அங்கே அட்லாண்டிக் கரையோர ஊரான எஸ்ஸவீராவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு பகல். மராக்கேஷிலிருந்து மூன்று மணி நேரம் பஸ், கோட்டைச் சுவரில் பீரங்கிகளோடு நாலு படம், துறைமுகத்தில் மீன், மறுபடி மூன்று மணி நேரம் பஸ். அந்த ஊருக்கு இது அநியாயம். இரண்டு இரவாவது தங்குங்கள். அங்கே எந்த நேரத்தில் எங்கே நடக்கலாம் என்பதைக் காற்றும் கடலும்தான் முடிவு செய்கின்றன. ஒரே பகலில் இரண்டும் ஒத்துவருவது அபூர்வம்.

முதலில் காற்று. வடக்கிலிருந்து வரும் அலிஸே காற்று ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அநேகமாக விடாமல் வீசும். கரையோரம் ஓடும் கனேரி நீரோட்டம் குளிர்ந்தது, உள்நாடோ வெயிலில் கொதிக்கிறது. வெயில் ஏற ஏற இந்த வித்தியாசம் கூடி, மதியத்துக்கு மேல் காற்று முழு வேகம் பிடித்துவிடும். மராக்கேஷ் 40 டிகிரியில் வேகும் ஜூலையிலும் இங்கே 22, 23 டிகிரிதான். மும்பை மழைக்கு வைத்திருக்கும் விண்ட்சீட்டரைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். தொப்பி தலையில் நிற்காது. காலையில் கடற்கரை, மதியத்துக்கு மேல் மதில் சூழ்ந்த பழைய நகரமான மெதினாவின் சந்துகள் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது.

காலை என்றால் மும்பைக் காலை அல்ல. ரமலான் மாதம் தவிர ஆண்டு முழுக்க மொராக்கோவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊர் மேற்குக் கோடியில் இருப்பதால் ஜனவரியில் எட்டரை தாண்டித்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். ஆறு மணிக்கு சிவாஜி பார்க்கைச் சுற்றிப் பழகியவர்கள் இருட்டில் நிற்க வேண்டியதுதான். ஜூனில் அதற்கு நேர்மாறு, இரவு எட்டேமுக்கால் வரை வெளிச்சம் இருக்கும்.

மெதினாவுக்குள் தொலைந்துபோவோமோ என்ற பயம் வேண்டாம். சுல்தான் சிதி முகம்மது பின் அப்துல்லா 1760களில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த திட்டம் இன்னும் தெருக்களில் தெரிகிறது. ஃபெஸ் நகரம் போன்ற சிக்கல் இல்லை. பாப் துக்காலா வாசலிலிருந்து துறைமுகப் பக்கம் வரை ஒரே நேரான பெரிய தெரு, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. போகப் போக அதன் பெயர் மட்டும் மாறும்: ஸெர்க்தூனி, இஸ்திக்லால், ஒக்பா இப்னு நாஃபி. வழி குழம்பினால் கூட்டம் போகும் திசையில் நடங்கள், இந்தத் தெருவில் வந்து விழுவீர்கள். நம் மும்பை ஃபோர்ட் பகுதியின் கோட்டை மதிலை 1860களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு துண்டு மிச்சம். எஸ்ஸவீராவில் மதில் நிற்கிறது. ஃபோர்ட் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறவர்களுக்கு அதுவே பெரிய பாடம்.

எல்லோரும் துறைமுகப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைகிறார்கள். நீங்கள் பாப் துக்காலாவில் தொடங்குங்கள். உள்ளே வந்ததும் வலது பக்கம், கடலை ஒட்டிய மூலைதான் மெல்லா, பழைய யூதர் குடியிருப்பு. சுல்தானின் வணிகர்களாக இருந்த பணக்கார யூதர்கள் துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியான கஸ்பாவில் வாழ்ந்தார்கள். மற்றவர்களை 1807இல் இந்த மூலைக்கு அனுப்பினார்கள். இன்று பல வீடுகள் இடிந்து, இடையிடையே வெற்றுமனையாகக் கிடக்கிறது. ஏன் இப்படி என்பதற்குக் கல்லே பதில் சொல்லும். இந்த ஊர்க் கல் மஞ்சள் நிற மணற்பாறை, மென்மையானது. கடல் பார்த்த பக்கத்தில் உப்பு உள்ளே இறங்கி, காய்ந்து, மணி மணியாகக் கல்லை உதிர்க்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள், தேனடை மாதிரி குழிகுழியாக இருக்கும். அதே தெருவில் காற்றுக்கு மறைவாக இருக்கும் வாசல்களில் நிலைக்கு மேலுள்ள கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள். சிலவற்றில் ஆறு முனை நட்சத்திரம் செதுக்கியிருக்கும், சாய்வான வெளிச்சத்தில் சட்டென்று கண்ணில் படும். தொடாதீர்கள், விரலோடு மணல் வந்துவிடும்.

இதே பகுதியில் ஹயீம் பின்டோ ஜெப ஆலயம் இருக்கிறது. கஸ்பா பக்கம் சிமோன் அத்தியாஸ் ஜெப ஆலயத்தைப் புதுப்பித்து ‘பைத் தாகிரா’, அதாவது நினைவின் வீடு, என்ற காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். யூத வணிகக் குடும்பத்தின் பெயர் தாங்கிய சசூன் டாக்கையும் காலா கோடாவின் ஜெப ஆலயத்தையும் தினம் கடந்து போகிற மும்பைக்காரருக்கு, துறைமுகத்தையும் யூத வணிகத்தையும் சேர்த்துப் பார்க்கும் அந்தக் கதை அந்நியமாகவே தோன்றாது. பாப் துக்காலாவுக்கு வெளியே, கடல் பக்கமாக, பழைய யூதக் கல்லறைத் தோட்டம். மனித உருவின் சாயலில் செதுக்கிய கல்லறைகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. கதவு பூட்டியிருந்தால் காவலாளியைக் கேளுங்கள், திறந்துவிட்டால் கையில் ஏதாவது கொடுங்கள்.

‘தெர்ப்’ என்று பெயர் தொடங்கும் சந்து பொதுவாக முட்டுச்சந்து, நாலைந்து குடும்பங்களின் முற்றம் மாதிரி. கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. ஹாஜி அலி தர்காவில் எல்லோரும் உள்ளே போகிறோம், அந்தப் பழக்கத்தில் அங்கே மசூதிக்குள்ளோ சூஃபி மடமான ஸாவியாவுக்குள்ளோ கால் வைத்துவிடாதீர்கள். மொராக்கோவில் இஸ்லாமியர் அல்லாதவர்கள் வாசலோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். மனிதர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல ‘லா, ஷுக்ரன்’ போதும்.

சைவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மண்சட்டியில் வேகவைத்த காய்கறித் தஜீன் என்று வருவதில் கறித் துண்டு இல்லாமல் இருந்தாலும் கறிச் சாறு இருக்கலாம். ஹரீரா சூப்பும் அப்படித்தான். ‘ப்லா ல்ஹம்’, கறி இல்லாமல், என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: மடித்துச் சுட்ட மெஸெம்மென், நம் வீச்சுப் பரோட்டாவின் சதுர வடிவம். சுட்ட கத்தரிக்காய் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஸாலூக். பாதாம், ஆர்கன் எண்ணெய், தேன் சேர்த்து அரைத்த அம்லூ. இந்த மூன்றும் இருந்தால் நாள் ஓடிவிடும்.

மதில் அடியில் இருக்கும் தூயா மரப் பட்டறைகளில் வாசனையே ஆளை இழுக்கும். சுழிசுழியாக ரேகை ஓடும் பெட்டிகள் எல்லாம் வேர்க்கட்டையிலிருந்து வருபவை, அதைத் தோண்டினால் மரம் போய்விடும். வாங்கினால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். மெருகு போடாத அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், வாசனை வரவில்லை என்றால் வைத்துவிடுங்கள். துறைமுகத்தில் நீலப் படகுகளைத் தாண்டி, படகு கட்டும் இடத்துக்குப் போகிறவர்கள் குறைவு. படகின் அடிமரமான ஏராக்கட்டையும் விலா மாதிரி வளைந்த வங்குகளும் திமிங்கில எலும்புக்கூடு மாதிரி நிற்கும். பலகை இடுக்கில் நாரைத் திணித்துக் கலப்பத்து அடிப்பதைப் பார்த்தால் கடலோரத் தமிழருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

கடைசியாகத் தெற்கே தியாபத் கிராமத்துக்குக் கடற்கரை நடை. இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்து, மணலை முழங்காலில் ஊசியாகக் குத்தும். ஆகவே போக மட்டும் நடங்கள், திரும்ப டாக்ஸி. வற்றம், அதாவது கடல் உள்வாங்கும் நேரம், எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். தினமும் அது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஹாஜி அலி பாதை கடலுக்குள் மூழ்கி எழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். வற்றத்தில் ஈர மணல் தார்ரோடு மாதிரி இறுகி இருக்கும். ஏற்றத்தில் பொலபொலப்பான மேட்டு மணலில்தான் நடக்க வேண்டும், நேரம் இரட்டிப்பாகும்.

வழியில் பாதி சரிந்து மணலில் கிடக்கும் கோட்டை போர்ஜ் எல் பாரூத். அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதைப் பார்த்துத்தான் ‘காஸில்ஸ் மேட் ஆஃப் சாண்ட்’ (மணல் கோட்டைகள்) பாட்டை எழுதினார் என்பார்கள். அவர் வந்தது 1969இல், அந்தப் பாட்டு 1967லேயே வெளிவந்துவிட்டது. அங்கே நின்று எதிரே இருக்கும் தீவுகளைப் பாருங்கள். எலியனோரா வல்லூறுகள் கூடு கட்டும் இடம், இறங்க அனுமதி கிடையாது, பைனாகுலர் இருந்தால் நல்லது. கோட்டைக்குப் பக்கத்திலேயே க்ஸோப் ஆற்றின் முகத்துவாரம். சாதாரணமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கலாம். குளிர்கால மழைக்குப் பிறகு கலங்கலாக வேகமெடுத்து ஓடினால் இறங்காமல் திரும்பிவிடுங்கள். தியாபத்தில் டாக்ஸி தயாராக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளம்பும் முன்பே தங்கும் இடத்தில் சொல்லி, வண்டி வரும் நேரத்தையும் கட்டணத்தையும் பேசி வைத்துவிடுங்கள்.