பரண் மேல் கிடந்த ஈஎல் 84

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது பக்க ஸ்பீக்கர் படபடவென்று பொரிய ஆரம்பித்தது. "பாட்டுக்குள்ள யாரோ வெங்காயம் வதக்கறாங்க, என்னன்னு பாருங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல். எட்டு வருசத்துக்கு முன் நானே கட்டிய சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், அது. வால்வு என்றால் டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய். முன்னால் சின்ன சிக்னலைப் பெருக்க ஒரு ஈசிசி 83 வால்வு, பின்னால் ஸ்பீக்கரை ஓட்டப் பக்கத்துக்கு ஒரு ஈஎல் 84 பவர் வால்வு. பக்கத்துக்கு 5 வாட் வந்தாலே பெரிது. ஆனால் எங்கள் ஹாலில் வைத்தால் தெருமுனை வரை கேட்கும்.

அணைத்து ஆறவிட்டு, இரண்டு ஈஎல் 84-ஐயும் இடம் மாற்றிச் செருகினேன். பொரியல் இடது பக்கம் போய்விட்டது. அப்படியானால் கோளாறு வால்வில்தான். பத்துப் பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் வால்வு வாங்கக் கிளம்பாதீர்கள். சத்தம் நகராமல் அதே பக்கம் நின்றால், வால்வுகளுக்கு நடுவே பாட்டை மட்டும் விட்டு டிசி மின்சாரத்தைத் தடுக்கும் கப்ளிங் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். அது கசிந்தால் பவர் வால்வின் கிரிட்டில், அதாவது பாட்டு நுழையும் முனையில், டிசி ஏறி, புது வால்வையும் செக்கச்செவேலென்று பழுக்க வைத்துக் கொன்றுவிடும்.

இணையத்தில் விலை பார்த்தேன். தலை சுற்றியது. இன்று முல்லார்டு என்று அச்சடித்து வரும் புது வால்வு, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த அந்தப் பழைய முல்லார்டு அல்ல, ரஷ்யாவின் சராத்தவில் செய்தது. சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சால் எல்லாம் அதே முதலாளியின் பெயர்கள்தான். 2022-இல் உக்ரைன் போர் வந்தபின் அவையும் விலை ஏறிவிட்டன. 'மேட்ச்டு பேர்' என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கறப்பார்கள். இரண்டு வால்வு சேர்ந்து ஒரு பக்கத்தை இழுக்கும் புஷ்-புல் ஆம்ப் என்றால் ஜோடிப் பொருத்தம் வேண்டும், நியாயம். என்னுடையதில் பக்கத்துக்கு ஒற்றை வால்வு. அதற்கு எதற்கு ஜாதகப் பொருத்தம்?

அப்போதுதான் எங்கள் ஊர் மைக் செட் அண்ணன் ஞாபகம் வந்தது. "வால்வா? இப்ப யாரு கண்ணு அதையெல்லாங் கேக்கறாங்க? பரண் மேல கெடக்குது, ஏறிப் பாரு" என்றார். ஒரு பிஸ்கட் டப்பா, மேலே அரை அங்குலத் தூசி. "எவ்வளவுங்ண்ணா?" என்றதற்கு, "குடுக்கறதக் குடு" என்றார். 600 ரூபாய் கொடுத்தேன்.

ஈஎல் 84 ஆறு இருந்தன. நான்கு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தவை, ஒன்று பிலிப்ஸ், ஒன்று ரஷ்ய எழுத்தில் 6பி14பி. அதுவும் ஈஎல் 84-தான், பெயர்தான் வேறு. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப்பூச்சு பளபளவென்று இருக்க வேண்டும். ஒன்றில் அது பால்போல வெளுத்திருந்தது. காற்றுப் புகுந்துவிட்டது, குப்பைக்கு. மீதி ஐந்திலும் 4, 5 கால்களுக்கு நடுவே மீட்டர் வைத்தேன், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழை அறுபடவில்லை.

அடுத்தது ஆம்பில் போட்டுப் பார்ப்பது. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். என் ஆம்பில் பவர் வால்வின் கேத்தோடு முனையில், அதில் ஓடும் மின்சாரத்தை அளக்க உதவும் ரெசிஸ்டர் 150 ஓம். நல்ல வால்வு என்றால் அதன் குறுக்கே ஏழரை வோல்ட் வாக்கில், அதாவது 50 மில்லி ஆம்பியர், காட்ட வேண்டும். வந்தது: 7.5, 7.4, 7.2, 6.9. பிலிப்ஸ் மட்டும் 4. பெயர் பெரிதுதான், உழைத்துத் தேய்ந்துவிட்டது. பென்சிலால் மெல்லத் தட்டியபோது 6.9 காட்டியது ஸ்பீக்கரில் கோயில் மணிபோல ரீங்காரமிட்டது. ஆக மூன்று தேறின. இரண்டு ஆம்பில் ஏறின, ஒன்று கையிருப்பு.

மலிவு என்று நான் ஏமாந்த கதையும் உண்டு. ஈசிசி 83-க்குப் பதிலாக ரஷ்ய 6என்2பி ஒன்றை முன்பு வாங்கினேன். சாக்கெட்டில் அப்படியே செருகினால் எரியவே இல்லை. ஈசிசி 83-க்கு 6.3 வோல்ட் கொடுக்க 4, 5 கால்களைச் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை என்று வயர் போட்டிருந்தேன். 6என்2பி-யில் ஹீட்டர் 4-க்கும் 5-க்கும் நடுவே மட்டும்தான். 9 உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்கு. வயரை மாற்றினால் அருமையான வால்வு. சோம்பல், இன்னும் மாற்றவில்லை.

டப்பாவின் அடியில் ஒன்பது பிசிஎல் 82 கிடந்தன. பழைய டிவி வால்வு. 'பி' என்றால் 300 மில்லி ஆம்பியரில் வரிசையாக ஓடும் ஹீட்டர், அதனால் 16 வோல்ட் கேட்கும். அந்த ஒரே காரணத்துக்காக இதை யாரும் சீண்டுவதில்லை. உள்ளே இருப்பது அச்சு அசலாக ஈசிஎல் 82-தான்: ஒரே கண்ணாடிக்குள் சின்ன சிக்னலைப் பெருக்க ஒரு டிரையோடு, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு பெண்டோடு. பக்கத்துக்கு ஒரு வால்வு போட்டால் ஒரு முழு ஆம்ப்.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் அண்ணனிடம் சொன்னேன். "பதினாறு வோல்ட்டா? பதினஞ்சுக்கு ஒண்ணு ரெடியா இருக்குது, எடுத்துக்கறயா?" என்றார். பதினாறேதான் வேண்டும் என்றேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.