அணைக்குக் கீழே ஒரு ராத்திரி

பவானிசாகர் அணைக்குப் போகிறவர்கள் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டுச் சாயங்காலமே ஊர் திரும்பிவிடுவார்கள். தாளவாடிக்குக் கிளம்பிய எங்களுக்கு அங்கேயே பொழுது சாய்ந்துவிட்டது. தாளவாடிக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையில் இரவில் போக்குவரத்துக்குத் தடை. அதனால் அணைக்குக் கீழே இருந்த ஒரு பழைய விடுதியில் இடம் கேட்டோம்.

கட்டின காலத்தில் அது நல்ல விடுதியாகத்தான் இருந்திருக்கும். மொசைக் தரை, அகலமான வராந்தா, வாசலில் தாமரை வடிவத்தில் சிமெண்ட் நீரூற்று. இப்போது நீரூற்றுக்குள் வேப்பஞ்சருகு. சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையோடு வருகிறது. "மேல் ரூமெல்லாம் ஒழுகுதுங்க அம்மிணி, படுக்க முடியாது" என்றார் காவலுக்கு இருந்த பெரியவர். எங்களிடம் கூடாரம் இருக்கிறது, காம்பவுண்டுக்குள் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதும், அவரே சீமாறு எடுத்து வந்து இடத்தைக் கூட்டிக் கொடுத்தார். கேட்டைத் தாண்டி மட்டும் போகவே கூடாது என்று கண்டிப்பு. நியாயமான கண்டிப்புதான். 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு பக்கத்திலேயே இருக்கிறது. யானைகள் தண்ணீருக்கு வரும் இடம்.

தரை இறுகிக் கிடந்ததால் ஆணி இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கயிற்றைச் சிமெண்ட் தாமரையின் இதழிலும், இன்னொன்றை ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல் கம்பத்திலும் இழுத்துக் கட்டினார். ராத்திரிக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசாதமும், அணை வாசலில் வாங்கிய ஜிலேபி மீன் வறுவலும். பொட்டலத்தின் அடியில் உதிர்ந்து கிடந்த மசாலாவையும் மொறுமொறு கருவேப்பிலையையும் என் மகள் வழித்துத் தின்றாள்.

"சாப்புட்டியா கண்ணு?" என்றபடி பெரியவர் வந்து வராந்தாப் படியில் உட்கார்ந்தார். "எங்க அப்பாரு காடு இந்தத் தண்ணிக்கு அடியிலதான் கெடக்குது." காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம்.

இந்த அணையை 1948-ல் கட்டத் தொடங்கி 1955-ல் முடித்தார்கள். ஊர்களோடு டணாய்க்கன் கோட்டையும் முழுகிப்போனது. ஹொய்சளர் காலத்துத் தண்டநாயகர், அதாவது படைத்தலைவர், கட்டிய கோட்டை அது. தண்ணீர் நன்றாக வற்றிப்போகும் கோடையில் அங்கிருந்த மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். அப்படித் தெரிந்த ஒரு வருஷம், பெரியவரும் போய்த் தங்கள் காடு எந்தத் திக்கில் இருந்தது என்று தேடிப் பார்த்தாராம். வரப்பு எதுவும் மிஞ்சவில்லை, வண்டல்தான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டம், இந்த அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கம், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஆகஸ்ட் பிறந்தாலே எங்கள் வீட்டில் "பதினஞ்சாந்தேதி தண்ணி விடறாங்களா?" என்பதுதான் பேச்சு. ஒரு வருஷம் நெல், அடுத்த வருஷம் கடலை. நாங்கள் படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். அதற்காக யாருடைய காடு போனது என்று எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பேச்சு முதன்முதலாக என் காதில் விழுந்த இடம் அந்த விடுதி. அதனால்தான் அதன் நிலைமை எனக்குப் பெரிய வருத்தம். அதை இடித்துவிட்டு நீச்சல் குளத்தோடு ஒரு ரிசார்ட் கட்ட யாராவது வந்தால், எங்களைப் போன்றவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஒழுகும் மேல்தளத்துக்கு ஒரு பூச்சு, ஊஞ்சலுக்குச் சங்கிலி, சுத்தமான கக்கூஸ், நீரூற்றுக்கு ஒரு மோட்டார். இவ்வளவு போதும். அப்புறம் வராந்தாச் சுவரில், முழுகிய ஊர்களின் பேரை வரிசையாக எழுதி வைக்க வேண்டும். பாசனம் வாங்குகிற நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலும் முடிந்துவிடும். ஊரில் நாலு பேரிடம் இதைப் பேச ஆரம்பித்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்கன்று அணை மேல் நடந்துபோய்ப் பார்க்க முன்பெல்லாம் அனுமதிப்பார்கள். இந்த ஆடிக்கு அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பாவைக் கூட்டிப்போகிறேன். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. வாய்க்காலைப் பார்த்தே காலம் கழித்தவர், இன்னும் அணையைப் பார்த்ததில்லை. பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "கூட்டியாங்க அம்மிணி, அவருகிட்டக் கடைமடைச் சேதி கேக்கோணும்" என்றார்.