பே ஸ்லிப்பில் இருநூறு ரூபாய்

பீடி சுற்றும் குடும்பங்களுக்கு உதவ, மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சின்னத் தொகை பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஸ்டாஃப் ரூமில் மறுபடியும் அதே பேச்சு. "தீபாவளிக்குத்தான் அரிசி மூட்டை கொடுத்தாச்சே சார், அப்புறம் எதுக்குச் சம்பளத்துலயும் பிடிக்கணும்?" கேட்டவர் நல்ல மனிதர், பத்து வருடப் பழக்கம், யாருக்காவது ஆபரேஷன் என்றால் ரத்தம் கொடுக்க முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவருக்கு வகுப்பு இருந்ததால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

வேலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை எனக்கு. குடியாத்தம் பகுதியில் பீடி சுற்றும் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கு நாங்கள் மூன்று வருடமாகப் பணம் திரட்டுகிறோம். ஆசிரியர்கள், அலுவலகத்தார், விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. முதல் இரண்டு வருடமும் தீபாவளி சமயத்தில்தான் செய்தோம். அரிசி, புடவை, பிள்ளைகளுக்குத் துணி. டெம்போவில் மூட்டை ஏற்றிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். கொடுத்துவிட்டு வரும்போது மனசு நிறைந்துதான் இருந்தது.

மூன்றாவது வருடம் டிரஸ்ட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர், "சும்மா ஒரு நாள் வாங்க, ஒண்ணும் எடுத்துட்டு வராதீங்க" என்றார். போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. வாசலில் பீடி சுற்றும் ஒரு அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவாக வெட்டிய இலை, ஒரு சிட்டிகை தூள், உருட்டி, முனையை மடக்கி, நூலால் ஒரு சுற்று. எங்களோடு பேசும்போது முகம் நிமிர்கிறது, கை மட்டும் நிற்கவில்லை. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. நாங்கள் பேசிய அரை மணி நேரத்தில் இரண்டு கட்டு முடித்துவிட்டார்.

வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது தண்டல், அதாவது தினத் தவணைக் கடன், வாங்கியிருக்கிறார். பத்தாயிரம் என்று பெயர், கையில் வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு, மீதியை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் தினம் நூறு ரூபாய், நூறு நாளைக்கு. இந்த வட்டியை வருடக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. மழையில் நாலு நாள் பீடி வேலை நின்றுபோனால் நாலு நூறு பாக்கி, அதைக் கட்ட இன்னொரு இடத்தில் இன்னொரு தண்டல். அரிசி மூட்டை பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "அரிசி ரேஷன்ல வருது சார். நூறு ரூபாதான் வர மாட்டேங்குது."

2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இரண்டு வருடம் அரிசி சுமந்திருக்கிறேன்.

அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது, டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, இதெல்லாம் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் தேர்வுக் கட்டணமும் தண்டல்காரரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால், எது நிற்கும் என்று சொல்ல வேண்டுமா? அந்த வாரம் டிரஸ்ட் தண்டல் பாக்கியை மொத்தமாக அடைத்தது. அந்த அம்மா வாரம் இருநூறாக, வட்டி இல்லாமல், திருப்பிக் கட்டுகிறார். மகள் தேர்வு எழுதினாள். அதே மாதம் இன்னும் சிலர் வந்து கேட்டபோது டிரஸ்ட்டில் பணம் இல்லை, தீபாவளிக்குச் சேர்ந்தது மாசியிலேயே தீர்ந்துவிட்டது என்று அந்த அக்கா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை, நடுவில் காய்ச்சல். கஷ்டம் மாதாமாதம் வருகிறது, பணமும் மாதாமாதம் வர வேண்டும். இருநூறோ ஐந்நூறோ, பே ஸ்லிப்பில் ஒரு வரி, அவ்வளவுதான் நான் கேட்பது.

பெரிய ஆளாக ஒருவரைப் பிடித்து மொத்தமாக வாங்கலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் ஊரில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1900இல், பின்னால் சி.எம்.சி ஆஸ்பத்திரியாக வளர்ந்ததை, ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார், 1902இல் ஷெல் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. கட்டடத்துக்கு அப்படிக் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். தண்டல் பாக்கிக்குக் கல்வெட்டு வைக்க முடியாதே, அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

வரி பற்றிக் கேட்டவர்களுக்கு: டிரஸ்ட்டுக்கு நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு இருக்கிறது, ரசீது வரும். ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான் அந்தக் கழிவு கிடைக்கும், புது முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை, அதனால் பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் படிவம் கொடுத்தால் அடுத்த சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலக வாசலில்தான் இருப்பேன், பேனாவும் வைத்திருப்பேன்.