பொங்கல் வாரத்தில் ஆல்ப்ஸ்: ஐந்து பேர் கணக்கு

ஊருக்குத் திரும்பியதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்ளோ ஆச்சு?" பனி எப்படி இருந்தது, விழுந்தாயா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான், எனக்கும் அந்தக் கேள்விதான் பிடிக்கும். ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம். விமானம், விசா, வாடகை, சாப்பாடு, பனிச்சறுக்கு எல்லாம் சேர்த்து.

பணம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் தோழிகள் ஐந்து பேர். நான் தர்மபுரி டவுன். மற்றவர்களை இன்றைக்கும் ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்: பாலக்கோடு, அரூர், பென்னாகரம், ஓசூர். மாதம் ஆறாயிரம், இரண்டு வருடம், ஏலமில்லாத சீட்டு. நடுவில் ஒருத்தி நகைக்கு வேண்டும் என்று கேட்டாள், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஏற்காட்டோடு நின்றிருப்போம்.

எந்த வாரம் போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஆல்ப்ஸில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் வடிந்த பிறகு, பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் முன்பு, ஜனவரி நடுவில் வீட்டு வாடகை நன்றாக இறங்கும். நமக்கு அது பொங்கல். "நாலு காசு மிச்சம் பண்ண பொங்கலை விட்டுட்டுப் போறியாடி?" என்றாள் அம்மா. நாலு காசு இல்லை, வாடகையில் பாதி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கணக்கில் அது ஏறவில்லை.

இடம் பிரான்சில் இருக்கும் ஷமோனி, மோன் பிளாங் மலையின் அடிவாரம். 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். ஒலிம்பிக்குக்காக நாங்கள் போகவில்லை. ஜெனிவா விமான நிலையத்திலிருந்து நேராகப் பேருந்து இருக்கிறது, தூரமும் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போகிற அளவுதான். அங்கே தங்குகிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் பள்ளத்தாக்குக்குள் ஓடும் பேருந்தும் ரயிலும் இலவசம். கற்றுக்குட்டிகளுக்கான சரிவுகள் அடிவாரத்திலேயே இருக்கின்றன, அவற்றுக்குத் தனியாக, குறைந்த விலையில் டிக்கெட். மலை முழுவதும் சுற்றுகிற பாஸ் வாங்கினால் ஒரு நாளுக்கே 60 யூரோவைத் தாண்டும். நிற்கவே தெரியாத எங்களுக்கு அது எதற்கு?

விசா வேலை பெங்களூரில். இறங்குவது சுவிட்சர்லாந்து என்றாலும் தங்குவது பிரான்ஸ் என்பதால் பிரான்ஸ் விசாதான் எடுக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: விசாவுக்காக எடுக்கும் மலிவான பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு விபத்து சேராது. பிரான்சில் சறுக்குப் பாதையில் விழுந்து கால் போனால், ஸ்லெட்ஜில் வைத்து இறக்கிக் கொண்டுவருகிறவர்கள் பில் கொடுப்பார்கள். அங்கேயே, சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட்டோடு நாள் கணக்கில் காப்பீடு விற்கிறார்கள். சில யூரோதான், நான் யாரையும் கேட்காமல் சறுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

கிளம்பும் முன்பே தர்மபுரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தோம். வாடகை, மளிகை, பேருந்து பொதுக் கணக்கு. சறுக்குப் பலகை, பயிற்சி, லிஃப்ட், கடைத்தெரு எல்லாம் அவரவர் கணக்கு. கூட்டமாகப் போகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதை அங்கே போய்ப் பேசுவதுதான் என்பது என் கட்சி. அரூர்க்காரிக்கு முட்டிவலி, சறுக்கவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மற்றவர்களின் லிஃப்ட் காசை அவள் ஏன் சுமக்க வேண்டும்? அவள் இலவச ரயிலில் பள்ளத்தாக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றினாள். எங்களைவிட அதிகம் பார்த்தவள் அவள்தான்.

வாடகைக் கடையில்தான் வேடிக்கை. சறுக்குப் பலகை கொடுக்கும் முன் வயது, உயரம், எடை கேட்கிறார்கள். கடைக்காரர் சத்தமாகக் கேட்க, பாலக்கோட்டுக்காரி எங்களைப் பார்த்துவிட்டு ஆறு கிலோ குறைத்துச் சொன்னாள். பலகையில் பூட்ஸைப் பிடித்திருக்கும் கொக்கி, விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை எடையையும் வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். நிஜ எடையைவிடத் தளர்வாக இருந்தால் சும்மா போகும்போதே கழன்று கவிழ்த்துவிடும், இறுக்கமாக இருந்தால் கழலாமல் முட்டியை முறுக்கிவிடும். அவர் இதைப் பொறுமையாக விளக்கி முடித்ததும் இவள் அவர் காதோரம் போய் நிஜத்தைச் சொன்னாள். அவர் அதையும் சத்தமாகத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார்.

சிவப்பு ஜாக்கெட் போட்ட பயிற்சியாளர், அரை நாள் குழுப் பயிற்சி. நகரும் ரப்பர் பட்டை மேலே கொண்டுபோய் விடும், நாம் இறங்கி வர வேண்டும். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, குதிகால்களை வெளியே தள்ளினால் வேகம் குறையும். புரிந்துகொள்ள ஒரு நிமிடம், கால் கேட்பதற்கு மூன்று நாள். பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைகள், கையில் கோல்கூட இல்லாமல், எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிரான்சில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் உண்டு, பச்சைதான் சுலபம். வாரக் கடைசியில் நானும் பாலக்கோடும் ஓசூரும் பச்சையில் விழாமல் வந்தோம். பென்னாகரத்துக்காரி நீலத்துக்கே போய்விட்டாள். அவள் பள்ளியில் கபடி ஆடியவள், அது வேறு உடம்பு.

ஓட்டலில் சாப்பிட்டால் பட்ஜெட் ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால் சமையலறை உள்ள வீடாகப் பிடித்தோம். கேழ்வரகு மாவு, அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், வெல்லம் ஊரிலிருந்து போனது. நெய் கொண்டுபோக முடியாது, பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து எடுத்துப்போகத் தடை. அங்கே உப்பில்லாத வெண்ணெய் வாங்கிக் காய்ச்சினோம், நெய் வந்துவிட்டது, வாசனையும் நன்றாக இருந்தது. மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போவோம். சறுக்குமிடங்கள் பலவற்றில் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடவே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். கூச்சப்பட வேண்டாம், பக்கத்து மேசைப் பிரெஞ்சுக் குடும்பமும் ரொட்டியும் சீஸும் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தது. ராத்திரி களியும் கீரைக் குழம்பும். கீரை என்றால் அங்கே கிடைத்த பாலக்.

பொங்கலன்று மின்சார அடுப்பில் பானையில்லாமல் குக்கரில் பால் பொங்கவிட்டோம். அம்மாவுக்கு வீடியோ கால். "பொங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அரூர்க்காரியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். என்னோடு பேசப் பிப்ரவரி ஆனது.

குளிருடைகளை நான்கு பேர் பெங்களூரில் வாங்கினோம், ஓசூர்க்காரி மட்டும் கனடாவில் இருக்கும் அண்ணியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கெட்டிக்காரி. பொதுக் கணக்கை முடித்தபோது 23 யூரோ மிச்சம். ரூபாயாக மாற்றினால் கமிஷன் போய்விடும், ஐந்தாகவும் பங்கு போட முடியவில்லை. அரூர்க்காரியின் பீரோவில் இருக்கிறது. அடுத்த சீட்டு தை மாதமே தொடங்கிவிட்டோம், இந்த முறை மாதம் ஏழாயிரம்.